அக்கினி மூலைப் பொட்டி

உக்காருங்க. அட, உங்க வீட்டு மாடில வந்து உங்களையே உக்காருங்கன்னு சொல்றேன் பாருங்க. பத்து நிமிசம் பேசிட்டு வாங்கன்னு அனுப்பிருக்காங்க. நான் மூச்சு உடாமப் பேசறவன், பத்து நிமிசம் பத்தாது. அதனால மொதல்லயே முக்கியமானதச் சொல்லிடறனுங்க.

தரகர் என்ன சொன்னாரு உங்ககிட்ட? பையன் பயர் கம்பெனில இஞ்சினியரு, நல்ல வேலைன்னா? பாதி பொய்ங்க அது. நான் டிப்ளமா. பயர் அலாரம் மாட்டறவன். அதாவது, மாட்டிட்டு இருந்தவன். வேலைய உட்டு இருபத்திரெண்டு நாளாச்சு. எங்கம்மாவுக்குத் தெரியாது. கீழ உக்காந்து உங்கப்பாகிட்ட என்ற உத்தியோகத்தப் பத்தி அளந்துட்டு இருப்பாங்க, பாவம். உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். ஏன் உட்டேன்னு கேட்டுக்குங்க. கேட்டுட்டு என்னையப் புடிச்சிருக்கா இல்லையான்னு சொல்லிருங்க. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியோணும்.

உட்டது சம்பளத்துக்காக இல்லீங்க. அருவருப்புங்க. குமட்டிருச்சு. இப்ப நெனச்சாலும் அந்த பஜ்ஜி மேல வருது. உங்க வீட்டு பஜ்ஜிய சொல்லல, பஜ்ஜி நல்லா இருந்துச்சு.

திருப்பூர் தாண்டி ஒரு மில்லு. பேரு வேண்டாம். அவுங்க லேடீஸ் ஹாஸ்டல், மூணு மாடி, நூத்தி முப்பத்தெட்டுப் புள்ளைக. தர்மபுரி, திண்டுக்கல், அந்தப் பக்கமெல்லாம் இருந்து வந்து ஷிப்டு பாத்துட்டு வந்து படுத்துத் தூங்கற புள்ளைக. வெளிநாட்டுக்காரங்க ஆர்டர் குடுக்கோணும்னா ஹாஸ்டல்ல பயர் அலாரம் இருக்கோணும்னு சொல்லிட்டாங்க. அந்த வேலை எங்க மயில்சாமி அண்ணனுக்கு வந்துச்சு. மயில்சாமிதான் என்ற மொதலாளி, காண்ட்ராக்டரு. அண்ணன் என்னையக் கூப்புட்டு, "நவநீதா, இது உன்ற வேலை, நீயே நின்னு முடிச்சுக் குடு"ன்னாரு. எனக்கு எப்புடி இருந்துச்சு தெரியுமுங்களா? அட்டப்பொட்டியப் பிரிச்சு அந்தப் பேனல, அதாங்க அலாரம் பொட்டிய, வெளில எடுத்தப்ப... செவப்புன்னா செவப்பு, அப்புடியொரு செவப்பு. கதவத் தொறந்தா உள்ள பச்சைக் கலர்ல போர்டு, வரிசையா ஒயர் மாட்டற டெர்மினலு. போட்டோ எடுத்து வாட்ஸப்புல ஸ்டேட்டஸ் வெச்சனுங்க. எங்க மாமா, "என்ன மாப்ள, பீரோ வாங்கிட்டியா"ன்னு கேட்டாரு.

சிரிங்க, சிரிங்க. பரவால்ல.

அந்தப் பொட்டிய எங்க மாட்டோணும்? நீங்களே சொல்லுங்க. வாசல்ல, வார்டன் ரூம் பக்கம், கண்ணு மட்டத்துல. கத்துச்சுன்னா காதுல விழுவோணும், எந்த மாடின்னு லைட்டப் பாத்தாத் தெரியோணும். ஈரம் ஆகாது, ஆவி ஆகாது. நான் பென்சில்ல கோடு போட்டு, டிரில்ல எடுத்துட்டேன். அப்ப மில்லு மொதலாளி வர்றாரு, கூட ஒரு வாஸ்துக்காரரு. அந்தாளு செல்போன்ல காம்பஸ வெச்சுட்டு, சாமியாடற மாதிரி நாலு சுத்து சுத்தறாரு. சுத்திட்டு, "நெருப்புச் சமாச்சாரமெல்லாம் அக்கினி மூலைலதான் இருக்கோணும். இங்க வாயு மூலைல வெச்சா ஆகாது"ங்கறாரு.

நான் சொன்னேன், "ஐயா, இது நெருப்பு இல்லீங்க, நெருப்பு வந்தாச் சொல்ற பொட்டிங்க"ன்னு. மொதலாளி சிரிக்கறாரு. "தம்பி, பொட்டி மேல என்ன எழுதிருக்கு, பயர்தானே? பயர்னா என்ன? அடுப்ப எங்க வெப்பாங்க, அங்கதான் இதுவும்"ங்கறாரு. மயில்சாமி அண்ணன் பக்கத்துல நின்னுட்டு, "ஆமாங்க, ரொம்பச் சரிங்க, எனக்கே தோணுச்சுங்க"ங்கறாரு. தோணுச்சாமா! கருமம்.

அந்த அக்கினி மூலை எதுன்னு நெனைக்கறீங்க? சமையக்கட்டுக்குப் பின்னால இருக்கற ரூமு. ஐயோ, அத எப்புடிச் சொல்றது? ஒரு பக்கம் எச்சச் சோத்து டிரம்மு, பன்னிக்காரரு மூணு நாளைக்கு ஒருக்காதான் வருவாரு. அது மேல ஈ ஒரு போர்வை மாதிரி. ஒரு பக்கம் ஈரச் சாக்கு. செவுரு பூரா போயலை போட்டுத் துப்புன கறை, வரைபடம் மாதிரி. சோறு வடிக்கற ஆவி பூரா அங்கதான் வந்து நிக்கும். செவுத்தத் தொட்டா வெரல் ஒட்டுது, எண்ணெய்ப் பிசுக்கு. நான் கர்ச்சீப்ப மூக்குல கட்டிக்கிட்டுத்தான் வேலை பாத்தேன். அந்தப் புதுப் பொட்டியத் தூக்கிட்டு அங்க போறப்ப, பொண்ணக் கட்டிக் குடுக்கக் கூடாத எடத்துல கட்டிக் குடுக்கற மாதிரி இருந்துச்சுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா ஒரு இதுக்குச் சொன்னேன்.

ஒத்துக்கவே இல்லீங்க நானு. மனசுல ஒத்துக்கல. மாட்டுனது நாந்தான், ஆனா எடம் நான் சொன்ன எடம் இல்ல.

மாட்டுனத மட்டும் குத்தம் சொல்ல முடியாதுங்க. மெயினு ஆஃப் பண்ணி, டெஸ்டர் வெச்சு ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் கை வெச்சேன். பொட்டிக்குன்னு தனி பிரேக்கரு, அதுல "யாரும் ஆஃப் செய்யாதே"ன்னு என்ற கையால பெயிண்ட்ல எழுதுனேன். எர்த்து தனி. கரண்டு ஒயரு ஒரு ஓட்டை, அலாரம் ஒயரு இன்னொரு ஓட்டை, ரெண்டும் ஒட்டுக்கா உள்ள வரவே கூடாது. ஒவ்வொரு லைனையும் பொட்டில மாட்டறதுக்கு முன்னால மீட்டர் வெச்சு, எங்கயும் ஒரசலையே, செவுத்துல கரண்டு கசியலையேன்னு பாத்தேன். பேட்டரி கடைசிலதான். நெறையப் பேரு பேட்டரிய மொதல்ல குடுத்துப்புட்டு அப்பறம் ஒயர நோண்டுவானுக, போர்டு பொக்குன்னு போயிரும். அவனுகளயெல்லாம் பாத்தாவே எனக்கு...

சரி சரி, போரடிக்கறனுங்களா? ஒண்ணே ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்குங்க, அதுலதான் எல்லாமே இருக்கு. மாடிக்கு ரெண்டு லைனு, மொத்தம் ஆறு லைனு. ஒவ்வொரு லைன்லயும் புகை கண்டுபுடிக்கற வட்டம், கூரைல ஒட்டிட்டு இருக்கும்ல, அது வரிசையா இருக்கும். லைனோட கட்டக் கடைசில ஒரு ரெசிஸ்டரு. இத்துனூண்டு, சீரகம் மாதிரி, மேல கலர் கலராக் கோடு. பொட்டி என்ன பண்ணும்னா, எந்நேரமும் அந்தச் சீரகத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டே இருக்கும். இருக்கியா? இருக்கேன். இருக்கியா? இருக்கேன். நடுவுல எலி ஒயரக் கடிச்சாலோ, எவனாவது வட்டத்தக் கழட்டுனாலோ, பதில் வராது. உடனே மஞ்ச லைட்டப் போட்டு கீ கீன்னு கத்தும். என்ன மாதிரி ஒரு ரோசனை பாருங்க! எவன் கண்டுபுடிச்சானோ, அவன் கைக்கு மோதரம் போடோணும். ஆனா அந்தச் சீரகம் கடைசிலதான் இருக்கோணும். கடைசில. அதான் உசுரு.

பூசை போட்டாங்க. பொட்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். அண்ணன் சூடத்தக் காட்டுனாரு பாருங்க, மேல இருந்த வட்டம் புகையக் குடிச்சுட்டு, மூணு மாடி ஹூட்டரும் அலறிருச்சு! புள்ளைகெல்லாம் தலைமுடியக் கூட முடியாம கீழ ஓடியாருது. வாஸ்துக்காரரு கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மன் பேசிட்டா"ங்கறாரு. நான் ஓரமா நின்னுட்டு இருந்தேன், கண்ணுல தண்ணி. சத்தியமா. வேலை செய்யுதுங்க! நான் மாட்டுனது வேலை செய்யுது!

மூணு மாசங்க. மூணே மாசம். ஆவி உள்ள போயி டெர்மினலெல்லாம் பச்சைக் களிம்பு பூத்துருச்சு. பொட்டி கீ கீன்னு கத்துது. அது செய்ய வேண்டியதத்தான் செய்யுது, "எனக்கு ஒடம்பு செரியில்ல, வந்து பாருங்க"ன்னு சொல்லுது. சமையக்காரக்காவுக்குத் தலைவலி. அந்தக்கா மொதல்ல பொட்டி மேல ஈரச் சாக்கப் போட்டு மூடிருக்குது. அப்பறமும் கத்துதுன்னு வார்டன் ராஜாமணி அக்கா எங்க ஆபீசுக்குப் போன் பண்ணிருக்காங்க. நான் அன்னைக்கு ஈரோட்டுல வேற ஒரு சைட்டு. அண்ணனே நேர்ல போயி, பத்து நிமிசத்துல செரி பண்ணிட்டேன்னு வந்துட்டாரு.

பத்து நிமிசத்துல எப்புடின்னு எனக்கு அப்பவே ஒரு இது. ஆனா அண்ணன் பெரியவரு, நான் கேக்கல.

பொறகு வெளிநாட்டுக்காரங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னால என்னையச் சோதிச்சுப் பாக்க அனுப்புனாரு. நான் போயி ரெண்டாவது மாடி வராண்டால ஸ்டூல் போட்டு ஒரு வட்டத்தக் கழட்டுனேன். கீழ ஓடி வந்து பாக்கறேன், மஞ்ச லைட்டு வந்திருக்கோணும். பச்சை. நார்மல்னு எழுத்து. அடுத்த மாடி போயி கழட்டுனேன். பச்சை. ஆறு லைன்லயும் கழட்டிட்டேன், ஆறு வட்டமும் என்ற பையில இருக்குது, பொட்டி மட்டும் பல்லக் காட்டிட்டு நார்மல் நார்மல்ங்குது!

கதவத் தொறந்தேன்.

ச்சீ. கரப்பான்பூச்சி முட்டை. போர்டு பூரா. ஒரு பல்லி வாலு. அதெல்லாம் கூடத் தொடச்சரலாங்க. அதுக்குக் கீழ ஆறு ரெசிஸ்டரும் வரிசையா, பொட்டிக்குள்ளயே, டெர்மினல்லயே முறுக்கி மாட்டிருக்கு. மூணு மாடியில இருந்து வர்ற ஆறு லைனையும் கழட்டி, நுனில கருப்பு டேப்பு சுத்தி, ஒரு கட்டாக் கட்டி மூலைல சொருகி வெச்சிருக்கு. பொட்டி தன்ற மூக்கத் தானே தொட்டுப் பாத்துட்டு, இருக்கேன் இருக்கேன்னுட்டு இருக்குது. மேல தீப்புடிச்சு எரிஞ்சாலும் அதுக்குத் தெரியாது. செவுடு.

அதுல எனக்கு வாந்தியே வந்துருச்சு, டேப்பு அவ்வளவு அழகாச் சுத்திருக்கு. அழகா! ஒழுங்கா வேலை தெரிஞ்ச கை. தெரியாதவன் செஞ்சா மன்னிச்சரலாம். அந்த எச்சச் சோத்து டிரம்மு பக்கத்துலயே போயி எடுத்தனுங்க.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "நவநீதா, பொட்டிய எடம் மாத்தோணும்னா மொதலாளி உடமாட்டாரு. அங்கயே இருந்தா கத்திட்டே இருக்கும். ரெண்டு நாள் பச்சையா இருந்தாப் போதும், வர்றவங்க பச்சையத்தான் பாப்பாங்க. இத்துனூண்டு ரெசிஸ்டருக்கு என்னடா இத்தன அலம்பலு?"ங்கறாரு. "நூத்தி முப்பத்தெட்டுப் புள்ளைக இருக்குதுண்ணா"ன்னேன். "இத்தன வருசம் பொட்டியே இல்லாமத்தான்டா இருந்துச்சுக. அந்தச் சோதனைத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வா"ன்னாரு.

தூ. மனுசனா அந்தாளு?

ஆமாங்க, போட்டேன். கையெழுத்துத்தானுங்க. முழுப் பேரு எழுதல, வெறும் கிறுக்கலு. "ந"ன்னு கூடப் படிக்க முடியாது. என்ற எதிர்ப்ப அப்புடித்தான் காட்டுனேன்.

வெளிநாட்டம்மா வந்துச்சு. வெள்ளைக்காரம்மா, சுத்தமா இருந்துச்சு, அந்த ரூமுக்குள்ள வர்றப்ப மூக்குல கை வெச்சுது. அன்னைக்கு ஊதுபத்தி கொளுத்தி, போயலைக் கறை மேல சுண்ணாம்பு அடிச்சு, டிரம்மத் தூக்கி ஒளிச்சு வெச்சிருந்தாங்க. எல்லாம் நாடகம். அண்ணன் பொட்டில டெஸ்ட் பட்டன அமுக்குனாரு, ஹூட்டரு கத்துச்சு. அது பொட்டி தானாக் கத்தறது, லைனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தம்மா தலையாட்டுது, மொதலாளி கை தட்டறாரு. பொறகு அந்தம்மா நேரா என்ற மூஞ்சியப் பாத்து, ஆல் ஓக்கேன்னு கேட்டுச்சு. எல்லாரையும் உட்டுட்டு என்னைய.

எஸ் மேடம்னு வந்துருச்சுங்க. இங்கிலீசுல கேட்டா எனக்கு அதான் வரும். தமிழ்ல கேட்டிருந்தா உண்மையச் சொல்லிருப்பேன், சத்தியமா.

அந்தம்மா மேலயும் எனக்கு அருவருப்புத்தான். அவ்வளவு தூரம் ஏரோப்ளேன்ல வருது, ஒரு வட்டத்தக் கழட்டிப் பாக்கத் தெரியல. எல்லாரும் ஒரே குட்டை. அன்னைக்குப் பொழுதோட ஆபீசுக்குப் போனேன். அண்ணன் மேசைல என்ற டெஸ்டர எடுத்து வெச்சேன். வீசல, வெச்சேன். ஆனா சத்தம் வர்ற மாதிரி வெச்சேன். "உங்ககூட இனி ஒரு நாள் வேலை பாத்தா எனக்குச் சோறு எறங்காது"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்தாளு டீ குடிச்சுட்டு இருந்தாரு, "டெஸ்டர் உன்றதுதான்டா, எடுத்துட்டுப் போ"ன்னாரு. எடுத்துட்டு வந்துட்டேன்.

அன்னைல இருந்து காத்தால டிபன் பாக்ஸ் கட்டிக்கிட்டு, டூல்ஸ் பையத் தூக்கிட்டு, வேலைக்குப் போற மாதிரியே கெளம்பிருவேன். சும்மா உக்காந்திருக்க மாட்டனுங்க. பெரிய பெரிய ஜவுளிக்கடைக்குள்ள போயி அவுங்க பேனலப் பாத்துட்டு வருவேன். ஒண்ணு ரெண்டு அருமையா மாட்டிருக்கான். பாதி கண்றாவி. ஒரு கடைல பேனல் மேல பொம்மைக்குப் போட்ட சேலையக் காயப் போட்டு வெச்சிருக்கான். வெளங்குமா?

அவ்வளவுதானுங்க. என்ற கை சுத்தம். நாலு காசுக்காக அந்தச் சாக்கடைல நிக்காம வெளில வந்தவன் நானு. அது ஒரு கொறையா, பெருமையா, நீங்கதான் சொல்லோணும்.

தரகர் சொன்னாரே, நீங்களும் பால் சொசைட்டில டெஸ்டிங்தான பாக்கறீங்க. தண்ணி கலந்த பாலக் கண்டா உங்களுக்குக் குமட்டாதா? என்னைய மாதிரித்தான் நீங்களும்னு மனசுல ஒரு இது.

எதுங்க?

அந்த லைனா? திருப்பி மாட்டிட்டாங்களான்னா... தெரியலீங்க. அண்ணன் மாட்டிருக்க மாட்டாரு. ரெண்டு நாளுன்னுதான் சொன்னாரு, ஆனா அந்தாளாவது திரும்பப் போயி மாட்டறதாவது. நான் அங்க இல்லீங்களே. வேலையத்தான் உட்டுட்டனே.

அன்னைக்கா? கண்டுபுடிச்ச அன்னைக்கே மாட்டிருக்கலாமேன்னா... ஆமா, பையில டூல்ஸெல்லாம் இருந்துச்சு. அரை நாள் வேலை. ஆனா மாட்டுனாத் திரும்பக் கத்துமுங்க, ரெண்டு நாள்ல ஆளுக வர்றாங்க. கழட்டுன வட்டத்தயெல்லாம் திரும்ப மாட்டிட்டுத்தான் வந்தேன், அதுல கொறை வெக்கல.

ராஜாமணி அக்காகிட்டயா? சொல்லல. அந்தக்கா பாவமுங்க, பயந்த சுபாவம். சொன்னாத் தூங்காது.

இல்லீங்க, நீங்க கேக்கறது புரியுது. நூத்தி முப்பத்தெட்டு. ஆமா, இப்பவும்தான். பகல் ஷிப்டு இல்லாத புள்ளைக இந்நேரம் படுத்துத் தூங்கிட்டு இருக்கும்.

ராஜாமணி அக்கா நம்பரு இருக்குதுங்க. எதுக்கு? இருங்க... இந்தாங்க. ஏனுங்க, இப்பவே அடிக்கறீங்களா? நீங்க யாருன்னு சொல்லுவீங்க?... ஓ. மேகலான்னு பேரச் சொன்னாப் போதுமா?

என்ன செய்யச் சொல்றதுன்னா... மொதல் மாடி வராண்டால ஸ்டூல் போட்டு, மேல இருக்கற வட்டத்த எடப்பக்கமாத் திருகச் சொல்லுங்க. கழண்டு வரும். ஷாக்கெல்லாம் அடிக்காது. கழட்டிட்டு, பின்னாடி ரூம்ல போயிப் பொட்டியப் பாக்கச் சொல்லுங்க. மஞ்சளாகிக் கத்தோணும்.

ஸ்பீக்கர்ல போடுங்க, எனக்கும் கேக்கட்டும்.

...

கேட்டீங்களா அந்தக்கா சொன்னத? "பச்சையாத்தான் எரியுது கண்ணு, நல்லாத்தான் இருக்குது"ங்குது. நல்லாத்தான் இருக்குதாமா. அந்தக்காவுக்குப் பச்சைன்னா நல்லது, அவ்வளவுதான் தெரியும். ஐயோ, வட்டம் கைல இருக்குது, பொட்டி பச்சைல இருக்குது.

ஏன் என்னைய அப்புடிப் பாக்கறீங்க? லைன நான் கழட்டல. கழட்டுனது அண்ணன்.

இப்பவேவா? பைக்குல போனா முக்கா மணி நேரம். டூல்ஸ் பை வண்டிலதான் இருக்குதுங்க, அது எப்பவும் இருக்கும். உள்ள உடுவாங்க, வாட்ச்மேன் என்னையத் தெரிஞ்சவருதான். இருக்கற எடத்துலயே தொடச்சு மாட்டிறலாம். கத்துச்சுன்னா கத்தட்டும்... வாசலுக்கு மாத்தறதா? அதுக்கு மொதலாளி... ஆமா, நீங்க சொல்றது செரி. அந்தக்காவும் புள்ளைகளும் கேட்டா மாத்தித்தான் ஆகோணும். ஆனா பாருங்க, பொண்ணு பாக்க வந்துட்டு நடுவுல எந்திரிச்சுப் போனா கீழ என்ன நெனைப்பாங்க? எங்கம்மா கேக்கும். லீவு போட்டுட்டு வந்தவனுக்கு என்ன அவசரம்னு உங்கப்பா கேப்பாரு. காப்பிய மட்டும் குடிச்சுட்டு, எதாவது ஒரு சாக்கு சொல்லி...

என்னது, நீங்களே சொல்லிக்கறீங்களா? என்னன்னு சொல்லுவீங்க?

ஏனுங்க, இருங்க. ஏனுங்க! படில மெல்ல எறங்குங்க. எல்லாத்தையும் ஒட்டுக்காச் சொல்லாதீங்க, கையெழுத்த மட்டுமாவது உட்டுருங்க... புடிச்சிருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை... அட, மெதுவாப் பேசுங்க, எங்கம்மா பக்கத்துலதான் இருக்காங்க! இவ்வளவு சத்தமாவா!